அரசு அலுவலகத்தில் தொழில்நுட்பக் குழுவை நடத்துவது எப்படி: பாலக்காட்டு எல்லைப்புறத்துக்கான முழு வழிகாட்டி

அரசுத் துறைக்குத் தொழில்நுட்ப ஆலோசனை தரும் குழுவில் ஆட்கள் ஏன் சோர்ந்து போகிறார்கள் என்று கேட்டால் முதலில் வரும் பதில் சம்பளம். சம்பளமும் காரணம்தான். ஆனால் வேலையை விட்டுப் போகிறவரை உட்கார வைத்துப் பொறுமையாகப் பேசினால் வேறொன்று வெளியே வரும். தான் முடித்துக் கொடுத்தது எந்த மேசையில் கிடக்கிறது, யார் கையெழுத்துக்குக் காத்திருக்கிறது, எதற்காகத் திருப்பி அனுப்பினார்கள் என்று அவருக்குக் கடைசி வரை தெரியாமலே இருந்திருக்கும். தாமதத்தை மனிதர்கள் தாங்கிக்கொள்வார்கள். காரணம் தெரியாத தாமதத்தைத்தான் தாங்க மாட்டார்கள். அரசுத் திட்டத்தில் தலைவராக இருப்பவரின் முதல் வேலை, கோப்பு நிற்கும் இடத்தைத் தன் குழுவுக்குக் கண்ணுக்குத் தெரியும்படி வைப்பது. இந்த வழிகாட்டி முழுவதும் அதைச் சுற்றித்தான் போகிறது.

கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, முதலமடை, சித்தூர்-தத்தமங்கலம் பகுதிகளில் பஞ்சாயத்து, நகராட்சி, தாலுகா அலுவலகங்களுக்கு வேலை செய்யும் ஐந்து முதல் எட்டுப் பேர் கொண்ட குழுவின் தலைவரை மனதில் வைத்து இதை எழுதியிருக்கிறோம். இப்போதுதான் சேர்ந்த இளைஞர்களுக்கும் பயன்படும்.

களம்

கேரளத்தில் 941 கிராமப் பஞ்சாயத்துகள், 87 நகராட்சிகள், 6 மாநகராட்சிகள் இருக்கின்றன. இவற்றின் மென்பொருள் வேலையில் பெரும்பகுதியை 1999-இல் தொடங்கிய இன்ஃபர்மேஷன் கேரளா மிஷன் செய்துவருகிறது. பிறப்பு, இறப்புப் பதிவுக்கு சேவனா, சொத்து வரிக்கு சஞ்சயா, கணக்குக்கு சாங்க்யா, திட்டக் கண்காணிப்புக்கு சுலேகா என்று வருடக்கணக்கில் ஓடிய மென்பொருள்களில் கை பழகியவர்கள்தான் இன்றைய செக்‌ஷன் கிளார்க்குகள். 2024 ஜனவரி 1 முதல் நகர உள்ளாட்சிகளிலும், 2025 ஏப்ரல் முதல் கிராமப் பஞ்சாயத்துகளிலும் இந்தச் சேவைகளை ஒரே இணையத்தளத்தில் சேர்க்கும் கே-ஸ்மார்ட் வந்துவிட்டது. அதனால் நீங்கள் கொண்டுபோகும் எந்தப் புதிய வசதியும் காலி மேசைக்குப் போவதில்லை. ஏற்கனவே இரண்டு மூன்று மாற்றங்களைப் பார்த்துக் களைத்த கைகளுக்குப் போகிறது. புதியவர்களிடம் முதல் நாளே இதைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அந்த அலுப்பைத் தங்கள் மேல் காட்டும் வெறுப்பு என்று எடுத்துக்கொள்வார்கள்.

படி 1: ஒப்பந்தத்தைக் குழுவோடு உட்கார்ந்து படியுங்கள்

பெரும்பாலான குழுக்களில் ஒப்பந்தத்தைப் படித்தவர் ஒருவர், வேலை செய்பவர்கள் வேறு. முதல் வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்கி, குழுவில் எல்லோரையும் உட்கார வைத்து நான்கு பகுதிகளையாவது சத்தமாகப் படியுங்கள்: வேலையின் எல்லை, பணம் தரும் கட்டங்கள், அபராத விதி, ஆள் மாற்ற விதி.

ஆள் மாற்ற விதியை ஏன் இளையவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்கு டெண்டர் கணக்கே சாட்சி. தரமும் விலையும் சேர்த்துப் பார்க்கும் முறையில் 70:30 என்ற விகிதம் வைத்திருக்கிறார்கள் என்று கொள்வோம். ஒரு நிறுவனத்துக்குத் தொழில்நுட்ப மதிப்பெண் 90, விலை 60 லட்சம். இன்னொன்றுக்கு மதிப்பெண் 78, விலை 45 லட்சம். முதல் நிறுவனத்துக்குத் தரத்துக்காக 63, விலைக்காக 45-ஐ 60-ஆல் வகுத்து வரும் 75-இல் முப்பது சதவீதம், அதாவது 22.5. மொத்தம் 85.5. இரண்டாவதற்கு 54.6 கூட்டல், குறைந்த விலை என்பதால் முழு 30, மொத்தம் 84.6. பதினைந்து லட்சம் அதிகம் கேட்டவருக்கு 0.9 மதிப்பெண்ணில் வேலை கிடைக்கிறது. அந்தத் தொழில்நுட்ப மதிப்பெண்ணில் ஒரு பங்கு, விண்ணப்பத்தில் இணைத்த ஆட்களின் தகுதிக்கும் அனுபவத்துக்கும் உரியது. உங்கள் குழுவில் இருக்கும் ஒருவரின் பெயரும் அனுபவமும்தான் அந்த 0.9 என்று அவருக்கே காட்டுங்கள். தன் இடம் என்ன என்று தெரிந்தவர் சம்பளத்தைப் பற்றியும் தெளிவாகப் பேசுவார், வேலையையும் தெளிவாகச் செய்வார். அவர் பாதியில் போனால் அதே தகுதியுள்ள ஆளைக் கொடுத்து, துறையின் ஒப்புதலும் வாங்க வேண்டும். சில ஒப்பந்தங்களில் அதற்கு அபராதமும் உண்டு.

வரியையும் இப்போதே பார்த்துவிடுங்கள். பஞ்சாயத்துக்கு அரசியலமைப்பின் 243ஜி பிரிவிலும் நகராட்சிக்கு 243டபிள்யூ பிரிவிலும் ஒப்படைத்த பணிகள் சார்ந்து, பொருள் எதுவும் சேராத வெறும் சேவையை நேராக உள்ளாட்சிக்கே தந்தால் ஜிஎஸ்டி விலக்கு உண்டு. அதே சேவையை இடையில் ஓர் அரசு நிறுவனத்துக்குத் தந்தால் பெரும்பாலும் 18 சதவீதம். ஒப்பந்த மதிப்பு இரண்டரை லட்சத்துக்கு மேல் போய் வரிக்கு உட்பட்டதாக இருந்தால் பில் தொகையில் 2 சதவீதம் ஜிஎஸ்டி பிடித்தமும் வரும். தணிக்கையாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்காமல் முதல் பில் போடாதீர்கள்.

படி 2: கோப்பின் பாதையை நடந்தே பாருங்கள்

ஒரு சேவையை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டட உரிமை மாற்றம் நல்ல தொடக்கம். விண்ணப்பம் முன்மேசையில் நுழைவதில் தொடங்கி, செக்‌ஷன் கிளார்க், களச் சோதனை, மேற்பார்வை செய்யும் சூப்பரண்ட், செக்ரட்டரி வரை ஒவ்வொரு மேசையிலும் அரை மணி நேரம் உட்கார வேண்டும். கணினித் திரையைப் பார்க்காமல் கையைப் பாருங்கள். எந்தப் பதிவேட்டை இழுக்கிறார், எந்த இடத்தில் போன் எடுக்கிறார், எதைப் பக்கத்து மேசையில் கேட்கிறார் என்பதை எழுதுங்கள்.

கேள்வி கேட்கும் விதத்தில் பாதி வேலை முடியும். "உங்க ப்ராசஸ் என்ன?" என்று கேட்டால் விதிப்புத்தகத்தில் இருப்பதைச் சொல்வார்கள். அதற்குப் பதிலாக, போன வாரம் வந்த ஒரு ஃபைலைக் கையில் எடுத்து, "சாரே, இது இங்கேயிருந்து யார்கிட்ட போகும்? திரும்பி வந்தா எதுக்காகத் திரும்பி வரும்?" என்று கேளுங்கள். திரும்பி வரும் காரணங்கள்தான் உங்கள் மென்பொருளின் உண்மையான தேவைப்பட்டியல். ஒரு சேவைக்கு இருபது ஃபைல்களை இப்படிப் பார்த்தால் திருப்பி அனுப்பும் காரணங்கள் ஏழெட்டுக்குள் அடங்கிவிடும். அந்த ஏழெட்டில் மூன்று, விண்ணப்பம் வாங்கும் இடத்திலேயே தடுக்கக்கூடியவையாக இருக்கும்: வரிப் பாக்கி, பத்திரத்தில் பெயர் வேறுபாடு, சர்வே எண் தவறு.

இந்த வேலைக்குப் புதியவர்களைத்தான் அனுப்ப வேண்டும், கூட ஒரு மூத்தவர் போக வேண்டும். மூத்தவர் மட்டும் போய் வந்து அறிக்கை தந்தால், புதியவர் அடுத்த ஒரு வருடமும் தான் எழுதும் நிரல் யாருக்கு என்று தெரியாமல் எழுதுவார்.

கேரளத்தில் 2012 சேவை உரிமைச் சட்டத்தின்படி அறிவித்த சேவைகளுக்குக் கால எல்லை, பொறுப்பு அதிகாரி, இரண்டு மேல்முறையீட்டு அதிகாரிகள் உண்டு. அந்தந்த அலுவலகத்தில் வைத்திருக்கும் பட்டியலை ஒரு படம் எடுத்துக் குழுவின் சுவரில் ஒட்டுங்கள். அந்தக் கால எல்லையை மென்பொருளில் எச்சரிக்கையாக வைக்கும்போது, எல்லை முடிவதற்கு மூன்று நாள் முன்பு பொறுப்பு அதிகாரிக்கு மட்டும் போகும்படி வையுங்கள். முதல் நாளிலிருந்தே மேலதிகாரிக்கும் நகல் போனால், கீழே இருப்பவர்கள் விண்ணப்பத்தைக் கணினியில் ஏற்றுவதையே தள்ளிப்போடுவார்கள். வேகம் கூட்ட வைத்த வசதி வேகத்தைக் கெடுத்துவிடும்.

படி 3: தாமதப் பதிவேடு

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தாள், ஆறு கட்டம்: தேதி, பொருள், எந்த மேசை, எதற்காகக் காத்திருக்கிறது, நாம் செய்ய வேண்டியது, அடுத்து கேட்கும் நேரம். ஒரு வரி எப்படி இருக்க வேண்டும் என்றால்:

"12-ஆம் தேதி. கட்டட உரிமை மாற்றத் தேவை ஆவணம், இரண்டாம் பதிப்பு. கணக்குப் பிரிவு. பழைய வரிப் பாக்கி இருக்கும்போது மாற்றம் செய்யலாமா என்ற விளக்கத்துக்கு. விதி எண்ணோடு ஒரு பக்கக் குறிப்பு நாம் தர வேண்டும். செவ்வாய் காலை 11."

பெயர் எழுதாதீர்கள், பதவி மட்டும் போதும். "இழுத்தடிக்கிறார்", "புரியவில்லை" போன்ற சொற்கள் வரவே கூடாது. அரசு அலுவலகத்துக்குப் போகும் எந்தத் தாளும் 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வெளியே வரலாம் என்ற எண்ணத்தோடு எழுதினால் மொழி தானாகவே நேராகும்.

ஐந்தாவது கட்டம்தான் உயிர். தாமதம் அவர்கள் பக்கம் என்று தோன்றும் இடத்தில்கூட, பத்தில் ஆறேழு தடவை நம்மிடமிருந்து ஒரு சிறு தாள் போனால் கோப்பு நகர்ந்துவிடும். கையெழுத்து போடுபவருக்குத் தேவைப்படுவது, நாளைக்குத் தணிக்கையில் கேட்டால் காட்ட ஓர் ஆதாரம். விதி எண், பழைய உத்தரவின் நகல், பக்கத்துப் பஞ்சாயத்தில் இப்படித்தான் செய்தார்கள் என்ற கடிதம், இவற்றில் ஏதாவது ஒன்று. அதைக் கேட்கும் வரை காத்திருக்காமல் முன்கூட்டியே கொடுப்பவரை அலுவலகம் சீக்கிரம் நம்பும்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நாற்பத்தைந்து நிமிடம் இந்தத் தாளை வைத்துப் பேசுங்கள். முதல் பதினைந்து நிமிடம் நகர்ந்தவை, அடுத்த இருபது நிற்பவை, கடைசிப் பத்து அடுத்த வாரம் யார் எந்த மேசைக்குப் போகிறார்கள் என்பது. மேசைக்குப் போகும் வேலையைத் தலைவரே எல்லாம் எடுத்துக்கொள்ளக் கூடாது. இருவாரத்துக்கு ஒரு மேசையாவது இளையவர் ஒருவருக்குப் போக வேண்டும்.

படி 4: ஆட்களைப் பிரித்து வைப்பது

ஏழு பேர் குழுவுக்கு நாங்கள் பரிந்துரைக்கும் பிரிவு: தலைவர் ஒருவர், செயல்முறை ஆய்வாளர்கள் இருவர், நிரலாளர்கள் இருவர், சோதனையும் தரவும் பார்ப்பவர் ஒருவர், பயிற்சியும் அலுவலக உதவியும் பார்ப்பவர் ஒருவர். ஆய்வாளர் இருவரில் ஒருவருக்கு மலையாளம் எழுதப் படிக்கச் சரளமாக வர வேண்டும், இன்னொருவருக்குத் தமிழ். இரண்டும் ஒருவருக்கே வந்தால் நல்லது, ஆனால் அவரையே எல்லா இடத்துக்கும் இழுத்தால் மூன்று மாதத்தில் ஓய்ந்துபோவார்.

எந்தப் பொறுப்பும் ஒரே ஆளிடம் பூட்டிக் கிடக்கக் கூடாது. ஒவ்வொரு வேலைக்கும் இரண்டாம் ஆள் ஒருவர் பெயர் எழுதி வையுங்கள். சித்தூர் கொங்கன் படைத் திருவிழா, ஓணம், பொங்கல் என்று விடுப்பு வரும் வாரங்களில் இது சோதனைக்கு வந்துவிடும்.

படி 5: இந்த எல்லையில் கெட்டுப்போகும் விஷயங்கள்

வேறு மாவட்டத்தில் ஓடிய மென்பொருளை அப்படியே இங்கே கொண்டுவந்து வைத்தால் மூன்று இடத்தில் தட்டும்.

முதலாவது, எழுத்துக் குறியீடு. மலையாளத்தில் உயிர் சேராமல் தனித்து நிற்கும் மெய்யைக் காட்டும் சில்லு எழுத்துகளுக்கு 2008-இல் வந்த யூனிகோடு 5.1-இல்தான் தனிக் குறியீடு கிடைத்தது. அதற்கு முன்பு மெய்யெழுத்து, சந்திரக்கலை என்ற மெய்க்குறி, கண்ணுக்குத் தெரியாத இணைப்பான் மூன்றும் சேர்த்துப் பதிவு செய்தார்கள். இரண்டும் திரையில் ஒரே மாதிரி தெரியும். தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. "முருகன்" போல "ன்" என்று முடியும் பெயர் எத்தனை இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வழக்கமான யூனிகோடு சீராக்கம் இதைச் சரிசெய்யாது, ஏனென்றால் அந்தத் தரத்தின்படி இவை இரண்டும் ஒன்றல்ல. பழைய வடிவத்தைப் புதியதாக மாற்றும் தனி அட்டவணை ஒன்று எழுதி, தரவு ஏற்றும்போதும் தேடும்போதும் இரண்டு முறையும் ஓட்ட வேண்டும். இன்னும் பழைய எழுத்துருவில் தட்டிய கோப்புகள் இருந்தால் முதலில் அவற்றை யூனிகோடுக்கு மாற்றி, மாதிரிக்கு நூறு பதிவுகளைக் கண்ணால் சரிபாருங்கள்.

இரண்டாவது, பெயர். தமிழ்க் குடும்பங்களில் தந்தை பெயரின் முதலெழுத்துதான் தலைப்பெழுத்து. மென்பொருள் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும். ஒருவர் ஒரு சான்றிதழில் "ஆர். கணேசன்", இன்னொன்றில் "கணேசன் ராமசாமி", மூன்றாவதில் "கணேசன்" என்று மட்டும் இருப்பார். மேலும் கணேசனை மலையாளத்தில் எழுதும்போது க, ga என இரண்டு ஒலிக்கும் தனித்தனி எழுத்து உண்டு, தமிழில் ஒன்றுதான். தானியங்கியாக மாற்றினால் பத்துப் பேரில் இரண்டு மூன்று பேரின் பெயர் பிசகும். அதனால் பெயரை வைத்துப் பதிவுகளைப் பொருத்தாதீர்கள். வரி எண், பதிவு எண், பிறந்த தேதி என்று இரண்டு அடையாளமாவது ஒத்துப்போனால் மட்டும் இணைத்து, மீதியை மனிதரின் பார்வைக்கு அனுப்புங்கள். பெயரை ஒரே கட்டத்தில் வாங்கித் தலைப்பெழுத்தைத் தனியாக வைப்பது பாதுகாப்பு.

மூன்றாவது, எல்லை. வடகரப்பதியில் குடியிருக்கும் பெண் பொள்ளாச்சியிலோ கோயம்புத்தூரிலோ பிரசவமாகியிருப்பார். 1969 பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி பிறந்த இடத்தில்தான் பதிவு. அந்தச் சான்றிதழ் தமிழ்நாட்டுப் பதிவாளர் தந்ததாக இருக்கும். கேரளத்துத் தரவுத்தளத்தில் எண் கிடைக்கவில்லை என்று விண்ணப்பத்தைத் தள்ளிவிடும் மென்பொருள், இங்கே தினமும் நியாயமான ஆட்களைத் திருப்பி அனுப்பும். வெளிமாநிலச் சான்றிதழுக்குத் தனிப் பாதை வையுங்கள்: எண்ணைப் பதிவுசெய்து, நகலை ஏற்றி, சரிபார்க்கும் பொறுப்பை ஒரு பதவிக்குக் கொடுங்கள். பதிவுக்கு 21 நாள் கெடு, அதைத் தாண்டினால் 30 நாள் வரை தாமதக் கட்டணம், அதற்கு மேல் ஒரு வருடம் வரை அனுமதி, ஒரு வருடம் தாண்டினால் நிர்வாகத்துறை நடுவரின் உத்தரவு என்ற படிநிலையைக் குழுவில் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். 2023 திருத்தத்துக்குப் பிறகு, அதாவது 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பல இடங்களில் பிறப்புச் சான்றிதழே பிறந்த தேதிக்கான ஆதாரம். எனவே இந்தப் பாதையில் தவறு நடந்தால் அது குழந்தையின் பள்ளிச் சேர்க்கை வரை போகும்.

இன்னும் ஒன்று. இங்கே பலருக்கு மலையாளம் பேச வரும், எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. பள்ளியில் தமிழ் படித்தவர்கள். குறை தீர்க்கக் கோரும் மனுவை மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்க அரசியலமைப்பின் 350-ஆம் பிரிவு உரிமை தருகிறது. புகார்க் கட்டம் தமிழ் எழுத்தை ஏற்க வேண்டும், அச்சிட்டால் எழுத்து உடையாமல் வர வேண்டும். இதைச் சோதனைப் பட்டியலில் முதல் பத்துக்குள் வையுங்கள். அரசுச் சேவைகளுக்கு இணையத்தில் விண்ணப்பிக்க உதவும் அட்சயா மையத்தில் அச்சாகும் ரசீதில் சேவையின் பெயரையும் அடுத்து வர வேண்டிய தேதியையும் தமிழிலும் போட்டால், "எப்ப வரணும் தம்பி?" என்று கேட்டு மறுநாளே திரும்பி வரும் பெரியவர்கள் பாதியாகக் குறைவார்கள்.

படி 6: ஒப்புதல் சோதனையும் பயிற்சியும்

ஒப்புதல் சோதனைக்கு நேரான வழியைப் பத்துப் பன்னிரண்டு சோதனைகளில் முடித்துவிடலாம். விலகல் வழிகளுக்கு இருபதுக்குக் குறையாமல் எழுதுங்கள்: பாக்கி இருப்பவர், இறந்தவர் பெயரில் வரி, கூட்டுரிமை, வெளிமாநிலச் சான்றிதழ், ஒரே நாளில் இரண்டு விண்ணப்பம், மின்சாரம் போய்த் திரும்பி வருவது. சோதனையை அலுவலக ஊழியரே செய்ய வேண்டும், நீங்கள் பின்னால் நிற்க வேண்டும். முடிந்த அன்று மாலையே இரண்டு பக்கக் குறிப்பு எழுதி, மறுநாள் காலை கையெழுத்து வாங்குங்கள். ஒரு வாரம் போனால் என்ன ஒப்புக்கொண்டோம் என்பதே விவாதமாகிவிடும். கையெழுத்து தராமல் இத்தனை வேலை நாள் கடந்தால் ஏற்றதாகக் கொள்ளலாம் என்ற விதி ஒப்பந்தத்தில் இருந்தாலும் அதை ஆயுதமாக எடுக்காதீர்கள். நினைவூட்டல் கடிதத்தில் விதி எண்ணைக் குறிப்பிட்டாலே போதும்.

பயிற்சிக்கு ஒரு தொகுதியில் பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம். ஒருவருக்கு ஒரு கணினி. தொண்ணூறு நிமிடம். மாதிரித் தரவு வேண்டாம், அவரவர் மேசையில் நிலுவையில் இருக்கும் ஃபைலையே எடுத்து வரச் சொல்லுங்கள். பயிற்சி முடியும்போது அவருடைய மூன்று நிலுவை குறைந்திருந்தால், அடுத்த தொகுதிக்கு நீங்கள் யாரையும் அழைக்க வேண்டியதில்லை. பத்து நாள் கழித்து இரண்டாம் அமர்வு வையுங்கள், கேள்விகளுக்கு மட்டும். முதல் அமர்வில் கேட்கத் தயங்கியதெல்லாம் அப்போதுதான் வரும்.

ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கும் சூப்பரண்ட் புதிய முறையை எதிர்க்கிறார் என்றால், அவரிடம் விதிகளைச் சரிபார்க்கும் பொறுப்பைக் கொடுங்கள். அவருக்குத் தெரிந்த விதி உங்கள் குழுவில் யாருக்கும் தெரியாது. அவர் பிழை கண்டுபிடித்தால் நன்றி சொல்லி, திருத்திய பிறகு அவரிடமே முதலில் காட்டுங்கள்.

படி 7: நாட்காட்டியும் பணமும்

நிதியாண்டு முடியும் மார்ச்சில் பஞ்சாயத்தில் எல்லோரும் திட்டச் செலவுக்குப் பின்னால் ஓடுவார்கள். அந்த மாதத்தில் சோதனைக்கோ பயிற்சிக்கோ ஆள் கிடைக்க மாட்டார்கள், டிரஷரியில் பில்லும் நெரியும். பெரிய கட்டத்துக்கான பில்லை ஜனவரி முடிவதற்குள் கொடுத்துவிடுங்கள். பில்லோடு ஒப்புதல் குறிப்பு, ஒப்பந்தத்தின் உரிய பக்கம், வருகைப் பதிவு, வரி விவரம் நான்கும் இணைந்திருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் கோப்பு ஆரம்ப மேசைக்கே திரும்பும்.

உள்ளாட்சித் தேர்தல் நடத்தை விதி அமலில் இருக்கும் வாரங்களில் தொடக்க விழாவோ புதிய அறிவிப்போ கூடாது. அந்த நாட்களைத் தரவுச் சுத்தத்துக்கு ஒதுக்குங்கள். தேர்தல் முடிந்து புதிய தலைவர் வந்ததும் முதல் மாதத்திலேயே ஒரு பக்கத்தில் திட்டத்தின் நிலையைக் கொடுங்கள். முந்தைய குழுவின் திட்டம் என்று ஒதுக்கிவைக்க ஒரு வாய்ப்பும் தராதீர்கள்.

பாதுகாப்புத் தணிக்கைக்கும் நாள் விட வேண்டும். நாட்டின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் அங்கீகாரம் பெற்ற தணிக்கையாளர் முதல் சுற்றில் குறைகளைத் தருவார், நீங்கள் திருத்துவீர்கள், மறுசோதனை நடக்கும். ஆறு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். 2022 ஏப்ரல் 28 உத்தரவின்படி இணையத் தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும், பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்கு நடந்தால் யார் தெரிவிப்பது என்று இன்றே ஒரு பெயரை எழுதுங்கள்.

படி 8: ஊக்கம்

பாராட்டுக் கூட்டமும் கேக்கும் ஒரு நாளைக்கு உதவும். அதற்கு மேல் தாங்க வேண்டுமானால் ஊக்கம் வேலையின் உள்ளேயே இருக்க வேண்டும்.

நிரலாளர் உட்பட ஒவ்வொருவரும் இருவாரத்துக்கு ஒரு அரைநாள் முன்மேசையிலோ அட்சயா மையத்திலோ உட்கார வேண்டும். உதவிக்காக அல்ல, பார்ப்பதற்காக. ஆபரேட்டர் எந்த இடத்தில் கையை நிறுத்துகிறார்? எந்தக் கேள்வியை விண்ணப்பதாரரிடம் இரண்டு தடவை கேட்கிறார்? மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கும் துண்டுச்சீட்டைப் படியுங்கள். "வீட்டு எண் இல்லேன்னா 0 போடணும்", "சேவ் பண்ணி ரெண்டு நிமிஷம் கழிச்சு ப்ரின்ட்" என்று எழுதியிருக்கும். ஒவ்வொரு சீட்டும் உங்கள் மென்பொருளின் ஒரு பிழை. அதைப் பார்த்த நிரலாளரே திருத்தி, அடுத்த முறை போகும்போது அந்தச் சீட்டைக் கிழித்துப் போடட்டும். அந்த ஒரு சீட்டு தரும் நிறைவை எந்தச் சான்றிதழும் தராது என்று உறுதியாகச் சொல்வோம்.

மாறுதலில் அதிகாரி போய், புதியவர் வந்து, நான்கு மாத வேலையை ஓரமாக வைக்கச் சொல்வது இந்தத் துறையில் நடக்கும். அப்போது குழுவிடம் மறைக்காதீர்கள். அன்றே கூப்பிட்டு மூன்று விஷயம் சொல்லுங்கள்: எது நின்றது, எது மிஞ்சியது, மிஞ்சியதை எங்கே பயன்படுத்தப் போகிறோம். தரவுச் சுத்தம், விதிகளின் பட்டியல், சோதனைத் தொகுப்பு மூன்றும் எந்த மாற்றத்திலும் மிஞ்சும். முதலிலிருந்தே இவற்றைத் தனிக் கோப்புகளாகப் பராமரித்தால்தான் அந்தப் பேச்சில் உண்மை இருக்கும்.

கோயம்புத்தூரிலும் கொச்சியிலும் கூடப் படித்தவர்கள் அதிகம் வாங்குகிறார்கள் என்ற பேச்சு வரும். அதை மழுப்பாதீர்கள். நிறுவனம் எவ்வளவு தர முடியும், எப்போது ஏறும், ஒப்பந்தம் நீட்டிக்காவிட்டால் என்ன என்பதை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தனியாக உட்கார்ந்து சொல்லுங்கள். நீட்டிப்பு உத்தரவு கைக்கு வராமல் "கட்டாயம் வரும்" என்று வாக்கு தராதீர்கள். ஆலோசகராகச் சேர்த்துவிட்டு எக்செல் தட்டவும் கூட்டத்துக்கு நாற்காலி போடவும் அலுவலகம் ஆளை எடுத்துக்கொண்டால், அதைத் தடுப்பது தலைவரின் கடமை. வாரத்தில் அரைநாள் அப்படிப் போகலாம், அதற்கு மேல் போனால் ஒப்பந்தத்தின் வேலை எல்லையைக் காட்டி மரியாதையாக எழுத்தில் சொல்லுங்கள்.

படி 9: முன்னேறும் வழி

முதல் இரண்டு வருடத்தில் ஒரு சேவையை விண்ணப்பம் முதல் தணிக்கை வரை முழுதாகத் தெரிந்துகொள்ளுங்கள். பத்துச் சேவையில் மேலோட்டமாக இருப்பதைவிட அது மதிப்பு. மூன்றாம் வருடத்திலிருந்து தேவை ஆவணம் எழுதிக் கையெழுத்து வாங்குவது உங்கள் வேலையாக வேண்டும். ஐந்து வருடத்துக்குப் பிறகு ஒப்பந்தம், விலை, தனிநபர் தரவுப் பாதுகாப்பு என்று நகருங்கள். 2023-இன் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, அந்தச் சட்டத்தையும் பஞ்சாயத்துப் பதிவேட்டையும் சேர்த்துப் புரிந்தவர்களுக்குத் தேவை கூடியிருக்கிறது.

இந்த எல்லைப்புறத்தில் பிறந்தவருக்கு மொழி ஒரு மூலதனம். தமிழும் மலையாளமும் அலுவலக மொழியாகக் கைவந்தவர் திருவனந்தபுரத்துக்கும் சென்னைக்கும் போகலாம். தெலுங்கும் சேர்ந்தால் ஆந்திரமும் திறக்கும். அரசுச் சேவைகளை ஒரே இடத்தில் தரும் மீசேவா 2011-இல் முதலில் ஆந்திரத்துச் சித்தூர் மாவட்டத்தில்தான் தொடங்கியது. 2019 அக்டோபர் 2-இல் அங்கே கிராமச் செயலகங்கள் வந்தன, 2025 ஜனவரியில் வாட்ஸ்அப் வழிச் சேவையான மன மித்ரா வந்தது. நகரி, புத்தூர், குப்பம் பக்கத்துத் தமிழர்கள் சந்திக்கும் பெயர், சான்றிதழ்ச் சிக்கல்களும் கொழிஞ்சாம்பாறையின் சிக்கல்களும் ஒரே குடும்பம். இங்கே தீர்த்ததை ஒரு பக்கத்தில் எழுதிவைத்தால் அங்கே அது நேர்காணலில் பேசும். எழுதும்போது குடிமக்கள் தரவோ அலுவலகக் கணினியின் ஸ்கிரீன்ஷாட்டோ வேண்டாம். சிக்கல், எடுத்த முடிவு, விளைவு மட்டும்.

படி 10: ஒப்படைப்பு

ஒப்பந்தம் முடிய மூன்று மாதம் இருக்கும்போதே தொடங்குங்கள். சர்வர், டொமைன், எஸ்எம்எஸ் கணக்கு, கையொப்பச் சாவி எதுவும் குழு உறுப்பினரின் சொந்த மின்னஞ்சலிலோ போன் எண்ணிலோ இருக்கக் கூடாது. ஒன்றாவது இப்படிச் சொந்தக் கணக்கில் சிக்காத திட்டம் அரிது, எனவே ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். முதல் மாதம் அலுவலக ஊழியர் செய்ய நீங்கள் பார்க்க வேண்டும். இரண்டாம் மாதம் அவர் கேட்டால் மட்டும் போக வேண்டும். மூன்றாம் மாதம் வந்த அழைப்புகளை எண்ணி, அதிகம் வந்த ஐந்து கேள்விகளுக்குப் பதிலை மலையாளத்திலும் தமிழிலும் ஒரே தாளில் அச்சிட்டு ஒவ்வொரு மேசையிலும் வையுங்கள்.

பணி நிறைவுச் சான்றிதழைக் கடைசி பில்லோடு சேர்த்துக் கேட்காதீர்கள், தனியாகக் கேளுங்கள். அதில் திட்டத்தின் மதிப்பு, தொடங்கிய, முடிந்த தேதிகள், எத்தனை அலுவலகங்கள், எத்தனை சேவைகள் என்பவை இருக்க வேண்டும், ஏனென்றால் அடுத்த டெண்டரில் மதிப்பெண் தருபவர் தேடுவது இவற்றைத்தான். முடிந்தால் குழு உறுப்பினர்களின் பெயரும் பொறுப்பும் இணைப்பாக வரட்டும். வரைவை நீங்களே எழுதிக் கொடுங்கள், எண்களுக்கான ஆதாரத்தையும் கூட வையுங்கள், கையெழுத்திடும் அதிகாரிக்கு மாறுதல் உத்தரவு வருவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள்.